ஏழாம் பாகத்தில் ஆரம்பித்தவள்

அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் மூடி வெச்சுருங்க தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க. ஈரோட்டுல ஏறுனதுலேர்ந்து பாக்கறேன், சொல்லலாமா வேண்டாமான்னு யோசனை. சங்ககிரி தாண்டியாச்சு, இனியும் சும்மா ஒக்காந்திருந்தா நான் என்ன மனுசன். உங்க கையில இருக்கறது முகிலாறு ஏழாம் பாகம். இதுக்கு முன்னால ஆறு பாகம் இருக்குது. படிச்சிருக்கீங்களா?

இல்லையா. நெனச்சேன். படிச்சவன் பக்கத்தப் புரட்டற விதமே வேற.

அட்டையில ஓடம் படம் நல்லா இருக்குதுன்னு எடுத்தீங்களாக்கும். புதுப் பதிப்பு வந்ததுலேர்ந்து இதே தொல்லைதான். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியா வெச்சு விக்கறாங்க, வாழைப்பழம் விக்கற மாதிரி. எடுக்கறவனும் கேக்கறதில்ல, குடுக்கறவனும் சொல்றதில்ல.

நான் பத்திரப் பதிவு ஆபீஸ்ல இருந்தவனுங்க. கோபியில ரிட்டயர் ஆனேன். பேரு கந்தப்பன். மூலப்பத்திரம் பாக்காம யாராவது நெலம் வாங்குவாங்களா, சொல்லுங்க. கடைசிப் பத்திரத்த மட்டும் பாத்துட்டுப் பணத்தக் குடுத்தவன் எல்லாம் என்ன ஆனான்னு என்ற மேசைக்கு முன்னால நின்னு அழுததப் பாத்திருக்கேன். கதையும் அப்படித்தான். மொதல்லேர்ந்து வரணும். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் வரிசையாப் படிக்கணும். அஞ்சு முடிஞ்சதும் ‘முன்கதை’ன்னு நம்பர் போடாத தனிப் புத்தகம் ஒண்ணு இருக்குது, அதைப் படிக்கணும். அதுல வர்றதெல்லாம் காலத்தால முந்தி நடந்தது, அதனால அதைத்தான் மொதல்ல எடுக்கணும்னு சில பேரு சொல்லுவாங்க. அவங்க பேச்சக் கேக்காதீங்க. எழுதினவர் எந்த வரிசையில எழுதினாரோ, அந்த வரிசை. முன்கதை முடிச்சு ஆறு. ஆறு முடிச்சுத்தான் உங்க கையில இருக்கற இது.

நாளைக்கு மெட்ராஸ்ல வாசகர் வட்டக் கூட்டம். வட்டத்துக்கு நாந்தான் தலைவர். ‘புதுசா வர்றவங்க எங்கிருந்து ஆரம்பிக்கறது’ன்னு அரை மணி நேரம் என்னையப் பேசச் சொல்லியிருக்காங்க. யாரு வந்து கேட்டாலும் கந்தப்பன் சாரக் கேளுங்கன்னுதான் வட்டத்துல சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லலை. உள்ளதச் சொல்றேன்.

ஏழுல ஆரம்பிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க. என்ற சம்சாரமே ஏழுல ஆரம்பிச்சவதான்.

சம்பூர்ணம்னு பேரு. படிக்கற பழக்கமே கிடையாது. கல்யாணமாகி வந்தப்ப வாரப் பத்திரிகையில சமையல் குறிப்புப் பாப்பா, அம்புட்டுத்தான். என்ற புத்தகமெல்லாம் கண்ணாடி பீரோவுல இருக்கும். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை தொடைச்சு வெப்பா. எந்தப் புத்தகம் எந்த எடத்துல இருக்கும்னு அவளுக்கு அத்துப்படி, உள்ள என்ன இருக்குதுன்னு மட்டும் தெரியாது. தொடாதேன்னு நான் சொன்னதில்லீங்க. கையக் கழுவிட்டுத் தொடுன்னு சொல்லுவேன். அது வேற.

மக பேரு முல்லை. அவளும் படிக்கலை. அவளுக்கு வெச்ச முழுப் பேரே ரெண்டாம் பாகத்துல வர்ற ராணியோட பேரு, நன்முல்லைன்னு. பேருக்குச் சொந்தக்காரி யாருன்னு கூடத் தெரிஞ்சுக்கணும்னு அவளுக்குத் தோணலை. என்ன பண்றது. கோயமுத்தூர்ல வேலைல இருக்கா.

சம்பூர்ணத்துக்கு வயித்துல கட்டி வந்துச்சுங்க. ஈரோட்டுல ஆஸ்பத்திரி. கீமோன்னு ஏத்துவாங்க பாருங்க, அதுக்கு வாரத்துல ஒரு நாள் போகணும். நாள் பூரா நாற்காலியில சாஞ்சு கெடக்கணும், சொட்டுச் சொட்டா இறங்கும். டிவி சத்தம் ஆகாது, பேச்சுச் சத்தம் ஆகாது. கையில புடிச்சுக்க ஏதாவது இருந்தா நல்லாருக்கும்மான்னு நர்ஸம்மா சொல்லியிருக்கு. முல்லை பீரோவத் தொறந்து கைக்கு வந்ததை உருவிட்டுப் போயிட்டா. கைக்கு வந்தது ஏழாம் பாகம். இதே ஓடம் படந்தான், பழைய பதிப்புல வண்ணம் இன்னும் நல்லா இருக்கும்.

எனக்குத் தெரியாதுங்க. பீரோவுல ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல சந்து தெரிஞ்சப்பத்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள ரெண்டு மூணு வாரம் ஓடிப்போச்சு. ஒரு நாள் ரசஞ்சோறு பெசஞ்சு குடுத்துக்கிட்டு இருக்கேன், அவளாப் பேச்செடுத்தா.

“ஏனுங்க, இந்தச் சேந்தி பாவமுங்க.”

எந்தச் சேந்தின்னேன்.

“ஓடக்காரிங்க. உங்க புத்தகத்துல வர்றாளே.”

நீங்க எம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்களோ தெரியலை, கொஞ்சமாச் சொல்றேன். முகிலாறுங்கறது தண்ணி ஓடற ஆறு இல்ல. பனி ஓடற ஆறு. அதுல அடிக்கடி ஓடம் விட்டவங்க ஒடம்பு கொஞ்சங்கொஞ்சமாப் பனியாக் கரையும். மொதல்ல வெரலு, அப்பறம் கை, அப்படி. சேந்தி பாதிக்கு மேல கரைஞ்சவ. கரையில அவ மக காத்துக்கிட்டு நிக்கறா. முழுசாக் கரையறதுக்குள்ள போய்ச் சேரணும்னு ஒத்தையில துடுப்புப் போடறா. அதான் ஏழாம் பாகம். பெரிய கட்டமுங்க. ஆனா சேந்தி யாரு, அவ ஏன் ஓடக்காரி ஆனா, சாபம் யாரு குடுத்தது, இதெல்லாம் தெரியாம அதைப் படிச்சா என்ன புரியும்?

அதைத்தான் அவகிட்டக் கேட்டேன். என்ன புரிஞ்சுதுன்னு.

“எல்லாம் புரியுதுங்க” அப்படின்னா. “எனக்கு நல்லாவே புரியுது.”

பாருங்க, ஏழுல ஆரம்பிச்சவங்களுக்கு வர்ற மொதல் வியாதி இதுதான். புரிஞ்ச மாதிரியே இருக்கும்.

முப்பது வருசத்துக்கு மேல என்ற புத்தகத்தப் பத்தி ஒரு வார்த்தை கேக்காதவ கேக்கறா. எனக்குச் சந்தோசந்தான், இல்லேங்கலை. அந்தச் சந்தோசத்துலதான் முடிவு பண்ணுனேன், இவளுக்கு முறையாச் சொல்லிக் குடுக்கணும்னு. கையக் கழுவிட்டுப் போய் தலகாணிக்குப் பக்கத்துல இருந்த புத்தகத்த எடுத்தேன். பாதிக்கு வந்திருந்தா. நடுவுல மாத்திரை அட்டைய அடையாளமா வெச்சிருந்தா. அதை உருவிப் போட்டுட்டு, ஏழ பீரோவுல வெச்சுப் பூட்டி, முதல் பாகத்த எடுத்துக் கையில குடுத்தேன்.

வாங்கிப் பாத்தா. “இதுல சேந்தி வருவாளாங்க?”

வரமாட்டா, நாலாம் பாகத்துல ஒரு படித்துறையில தூரத்துல தெரிவா, ஆறாம் பாகத்துலதான் முழுசா வருவான்னேன்.

“அம்புட்டுத் தூரமா” அப்படின்னா. அவ்வளவுதான். எதுத்துப் பேசற பொம்பளை இல்லீங்க அவ.

டீ வருது, சாப்பிடறீங்களா? வேண்டாமா. சரி.

முதல் பாகம் முடிச்சுட்டேன்னு சொன்னா. கொஞ்ச நாள்லயே. எனக்குச் சந்தேகம். ஒக்கார வெச்சு ரெண்டு மூணு கேள்வி கேட்டேன். பெருசா ஒண்ணுமில்ல, நாலு வாசல் காவக்காரங்க பேரு என்ன, அந்த மாதிரி. ஒருத்தன் பேரு கூட வரலை. “மறந்து மறந்து போகுதுங்க, மருந்துனால அப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாரு” அப்படின்னா. மருந்துக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? கவனம் இல்ல. மனசு பூரா ஏழுல இருக்குது. திரும்பப் படின்னு சொல்லிட்டேன்.

திரும்பப் படிச்சா. ரெண்டாவது தடவ மூணு பேரச் சொன்னா. சரி போகட்டும்னு ரெண்டாம் பாகம் குடுத்தேன். அம்புட்டுக் கண்டிப்பானவன் எல்லாம் இல்லீங்க நான்.

அப்பறம் அவளுக்குக் கண்ணு மங்கலாத் தெரிய ஆரம்பிச்சுது. எழுத்து ஓடுதுங்கன்னா. நானே படிச்சுக் காட்டுனேன். இதையும் சொல்லணுமில்ல? எந்தப் புருசன் படிச்சுக் காட்டுவான்? சாயங்காலமானா கட்டிலுக்குப் பக்கத்துல நாற்காலியப் போட்டு ஒக்காந்துக்குவேன். எங்க கல்யாண வாழ்க்கையில அந்த மாதிரி நாங்க ஒக்காந்ததே இல்லீங்க. ஆபீஸு, வீடு, வட்டம்னே ஓடிப்போச்சு. அந்தக் கொஞ்ச நாள்தான். ஒரு வரி விட்டதில்ல நான். ரெண்டாம் பாகத்துல அரச வம்சாவளி வருது பாருங்க, அதைப் பல பேரு தள்ளிட்டுப் போயிருவாங்க. நான் அதையும் படிச்சேன். பாதியில தூங்கிருவா. எழுப்பி விட்டு, எங்க தூங்குனாளோ அந்த எடத்துலேர்ந்து திரும்பப் படிப்பேன். அவளும் கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டுக் கேப்பா.

ஒரு நாளு வம்சாவளிக்கு நடுவுல கையப் புடிச்சுக்கிட்டா. “ஏனுங்க, சேந்தி கரைக்குப் போய்ச் சேந்துருவாளா, அத மட்டும் சொல்லிருங்க. மீதிய வரிசையாவே கேட்டுக்கறேன்.”

எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சுங்க. பொய் சொல்லக் கூடாது. ஆனா வட்டத்துல எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கேன், முடிவச் சொல்றது திருட்டுக்குச் சமம்னு. ஊருக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டமா? சொல்லலை. கைய விடுவிச்சுக்கிட்டு, எங்க நிறுத்துனேனோ அங்கிருந்து படிச்சேன்.

முல்லை லீவு போட்டுட்டு வந்துட்டா. வந்ததும் வராததுமா எங்கிட்டத் தகராறு.

“அப்பா, அம்மாவுக்கு ஏழாம் பாகத்தக் குடுத்துருங்க.”

இப்ப மூணுலதான் இருக்கா அம்மிணின்னேன்.

“டாக்டர் என்ன சொன்னாருன்னு உங்களுக்கும் தெரியுந்தானுங்கப்பா?”

தெரியும், அதுக்காகக் குறுக்கு வழியில போகணுமான்னேன்.

அவ என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. அப்பறம் மெதுவா, “சாவியக் குடுங்க” அப்படின்னா. சாவி என்ற சட்டைப் பையில இருந்துச்சு. குடுக்கலை. கண்ணாடிய ஒடைப்பேன்னா. ஒடைச்சிருப்பா, அவ பிடிவாதம் எனக்குத் தெரியும். சம்பூர்ணந்தான் படுக்கையிலேர்ந்து தடுத்தா. “வேண்டாங்கண்ணு, அப்பா ஆசையாச் சேத்து வெச்சது. கண்ணாடி குத்திப் புத்தகம் போயிரும்.” என்ற புத்தகத்தோட அருமை அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு பாருங்க. மகளுக்குத் தெரியலை.

அப்பறம் முல்லை வெளியில தேட ஆரம்பிச்சா. அப்ப இந்தப் புதுப் பதிப்பு வரலை, ஏழாம் பாகம் எங்கயும் கெடைக்காது. வட்டத்து ஆளுங்ககிட்ட இருக்கும். ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணியிருக்கா. திருப்பூர்ல ஒருத்தர் தர்றேன்னு சொல்லியிருக்காரு, காருண்யமான மனுசன். ஆனா மரியாதைக்கு என்னைய ஒரு வார்த்தை கேட்டாரு. நான் எடுத்துச் சொன்னேன். மூணுலதான் இருக்காங்க, ஏழக் குடுத்து அவங்க படிப்பக் கெடுத்துராதீங்கன்னு. புரிஞ்சுக்கிட்டாரு. மத்தவங்களுக்கும் சொல்லி வெச்சேன். என்ற பேச்ச வட்டத்துல யாரும் தட்ட மாட்டாங்க.

முல்லைக்கு அது எப்படியோ தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்பறம் எங்கிட்டப் பேசறத நிறுத்திட்டா. சோறு போடுவா, பேச மாட்டா.

இனி வீட்டுலயே வெச்சுப் பாத்துக்குங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. சம்பூர்ணம் ரொம்ப எளச்சுப் போயிட்டா. கையெல்லாம் குச்சியாட்டம். வளையலு முழங்கை வரைக்கும் ஏறி ஏறி எறங்கும். கழட்டி வெச்சுட்டோம். தண்ணி கூட ஸ்பூன்லதான். மூணாம் பாகத்துல முற்றுகை வருதில்ல, அதுல பாதி போயிருந்தோம். நான் படிக்கறது அவ காதுல விழுந்துச்சா என்னன்னு தெரியலை. ஆனா படிச்சேன்.

ஒரு நாள் மத்தியானம், எளநி வாங்கிட்டு வர்றேன். வெயில் நேரம். செருப்பக் கழட்டிட்டு உள்ள போனா, ரூமுல முல்லை கத சொல்லிக்கிட்டு இருக்கா. அவங்கம்மா தலைய மடியில வெச்சுக்கிட்டு, காதுக்குப் பக்கத்துல குனிஞ்சு. நான் வாசப்படியிலயே நின்னுட்டேன்.

சேந்தி கதைதானுங்க. படிக்காதவ சொல்றா. அவங்கம்மா சொன்ன பாதியக் கேட்டு, மீதிய அவளா இட்டுக்கட்டிச் சொல்றா.

“...துடுப்புப் புடிக்கறதுக்குக் கையே இல்லம்மா. அப்பவும் விடலை. நெஞ்சுல அணைச்சுப் புடிச்சுக்கிட்டுத் துடுப்புப் போடறா. பனி வெலகுது. வடகரை தெரியுது. கரையில அவ மக நிக்கறா. அம்மான்னு கூப்புடறா. ஓடம் வடகரையில போய் முட்டுது. மக எறங்கி வந்து அப்படியே தூக்கிக்கறா. பாரமே இல்ல. தூக்கி மடியில வெச்சுக்கறா...”

சம்பூர்ணம் மொகத்தப் பாத்தேன். நல்லா இருந்துச்சுங்க. ரொம்ப நாளைக்கப்பறம் அந்த மொகத்த அப்படிப் பாத்தேன். “சேந்துட்டாளா” அப்படின்னா. சத்தமே இல்ல, ஒதடு அசைஞ்சுது.

“சேந்துட்டாம்மா.”

என்னால நிக்க முடியலை தம்பி. நீங்களே சொல்லுங்க, ஒருத்தர் வாழ்நாளப் போட்டு எழுதின புத்தகம். அதை ஒரு வரி படிக்காதவ இஷ்டத்துக்கு மாத்திச் சொல்றதக் கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா?

“அப்படி இல்ல” அப்படின்னேன். “தப்பாச் சொல்லாத முல்லை. புத்தகத்துல அப்படி இல்ல.”

முல்லை தல நிமிந்து பாத்தா. சம்பூர்ணமும் பாத்தா. கண்ணத் திருப்பறதுக்கே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

“அப்ப... என்னங்க ஆச்சு?”

“வரிசையா வந்தாத் தெரியும் சம்பூர்ணம். நீ இப்ப மூணுலதான இருக்கே.”

அவ கொஞ்ச நேரம் என்னையவே பாத்துட்டு, செவுத்துப் பக்கமா மொகத்தத் திருப்பிக்கிட்டா. முல்லை அம்மா அம்மான்னு கூப்புட்டுப் பாத்தா. திரும்பலை. எளநிய டம்ளர்ல ஊத்திக் கொண்டு போனேன், வாயத் தொறக்கலை.

அந்த வாரத்துலயே போயிட்டா. அதுக்கப்பறம் எங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரு வார்த்தை பேசலைங்க. வேதனை இருந்திருக்கும். நான் முற்றுகைய முடிச்சுரலாம்னு நெனச்சேன். முல்லை என்னைய ரூமுக்குள்ளயே விடலை. கதவச் சாத்தித் தாழ் போட்டுட்டா. சொந்த வீட்டுல. கட்டுன பொண்டாட்டி கடைசி மூச்சு விடறப்ப நான் வெளியில, கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில ஒக்காந்திருந்தேன். இதைக் கேட்டா யாருக்காவது மனசு ஆறுமா, சொல்லுங்க. மகளப் பெத்து, ராணி பேரு வெச்சு வளத்ததுக்கு இதுதான் பலன்.

காரியம் முடிஞ்ச அன்னைக்கே கோயமுத்தூருக்குக் கெளம்பிட்டா. சொல்லிக்காமத்தான். அதோட சரி. நான் ஃபோன் பண்ணுனா எடுக்கறதில்ல. தீபாவளிக்கு வரலை. அவங்கம்மா தெவசத்துக்கு வந்தா, கும்பிட்டா, போயிட்டா. பக்கத்து வீட்டம்மாகிட்டப் பேசிட்டுப் போறா, எங்கிட்டப் பேசலை.

ஒரே ஒரு தடவ அவளா ஃபோன் பண்ணுனா. இந்தப் புதுப் பதிப்பு வந்துச்சே, அதுக்கு அடுத்த வாரம். சந்தோசமா எடுத்தேனுங்க. அழுதிருக்கா போல, மூக்கு உறிஞ்சற சத்தம் மட்டும் வந்துச்சு. என்ன அம்மிணின்னேன்.

“ஏழாம் பாகத்தப் படிச்சேன்” அப்படின்னா.

நேரா ஏழயா படிச்சேன்னு கேட்டேன்.

“சேந்தி கரை சேந்துட்டாப்பா. அவ மக தூக்கிக்கறா. நான் சொன்ன மாதிரியே இருக்குது. கிட்டத்தட்ட அப்படியே இருக்குது.”

“ஆமா” அப்படின்னேன். “ஆனா நீ வடகரைன்னு சொன்னே. புத்தகத்துல தென்கரை. ஓடம் தென்கரையிலதான் முட்டுது. அதைத்தான் நான் அன்னைக்குத் தப்புன்னு சொன்னேன்.”

லைனு கட்டாயிருச்சோன்னு நெனச்சு அலோ அலோன்னேன். இருக்கா, மூச்சு விடறது கேக்குது. அப்பறம் வெச்சுட்டா. அன்னைக்கோட சரி, நம்பர மாத்திட்டா போலிருக்குது, போகவே மாட்டேங்குது.

தென்கரைன்னா தென்கரைதானுங்களே? நான் இல்லாததச் சொல்லலையே. அவ அன்னைக்கே எங்கிட்ட, எது தப்புங்கப்பான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அங்கயே சொல்லியிருப்பேன்.

என்ன தம்பி, பையெல்லாம் எடுக்கறீங்க. ஜோலார்பேட்டை கூட இன்னும் வரலை. வேற பெட்டியில எடம் இருக்குதுங்களா? இருக்கட்டும், ஒக்காருங்க, இனி பேச்சுக் குடுக்கலை.

அட, பாருங்க. சேந்தி கரை சேந்தத நானே உங்ககிட்டச் சொல்லிட்டேன். வட்டத்துல தெரிஞ்சா சிரிப்பாங்க. பரவால்ல விடுங்க, உங்களுக்கு என்ன, சின்ன வயசு. முதல் பாகத்துலேர்ந்து நிதானமாப் படிச்சுட்டு வாங்க, ஏழுக்கு வர்றதுக்குள்ள இதெல்லாம் மறந்துரும்.